காதுமடலின் பக்கமிருந்து: ஹெட்போன் வரலாற்றில் ‘வசதி’ என்னும் அற்ப விஷயம்

ஹெட்போனின் வரலாறு நமக்குக் கிடைக்கும்போதெல்லாம் ஒலித் துல்லியத்தின் வரலாறாகவே கிடைக்கிறது. கரகரப்பிலிருந்து தெளிவுக்கு, ஒற்றைத் தடத்திலிருந்து ஸ்டீரியோவுக்கு, ஒயரிலிருந்து ஒயரின்மைக்கு என்று ஒரே நேர்கோட்டில் ஏறிப்போகும் முன்னேற்றக் கதை. இந்தக் கதையாடலில் காது என்பது ஒரு துளை. ஒலி நுழைகிற வாசல், அவ்வளவுதான். துளையைச் சுற்றி ஒரு மடல் இருக்கிறது, மடலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியின் கொம்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது, கீழே தோடோ கடுக்கனோ தொங்குகிறது, மேலே மயிரும் எண்ணெயும் வியர்வையும் இருக்கின்றன, இத்தனையையும் சுமக்கக் கழுத்து என்று ஒன்று இருக்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாவதில்லை. ‘வசதியானது’ என்ற சொல் பெட்டியின் பின்பக்கத்தில், கடைசி வரியில் வரும். நான் இங்கே செய்ய முயல்வது அந்தக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வாசிப்பதைத்தான். (என்னை இந்த வாசிப்புக்குத் தள்ளியது தத்துவம் ஒன்றுமில்லை, சட்டைக் காலரில் உதிர்ந்து கிடந்த கறுப்பு ரெக்சின் தூள். அதற்குப் பிறகு வருகிறேன்.)

காதில் ஒரு கருவியை வைத்துக் கேட்பது என்கிற பழக்கம் இசையிலிருந்து தொடங்கவில்லை. 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு பெண் நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அங்கிருந்து வருகிறது. ஜொனாதன் ஸ்டெர்ன் 2003இல் வெளிவந்த தனது நூலில் நவீனக் கேட்டலின் தொடக்கத்தை இந்த இடத்தில்தான் வைக்கிறார். கேட்பவன் தன் காதைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்து எடுத்து, ஒரு ஒலியை மட்டும் தனியே வைத்து ஆராயக் கற்றுக்கொள்கிறான் என்பது அவர் சொல்வதன் சாரம். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் ஸ்டெர்னும்கூட, கருவி காதில் அழுத்தியபோது வலித்ததா என்ற கேள்வியில் அதிகம் நிற்பதில்லை. மருத்துவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு எடுத்துவிடுவார். நாள் பூராவும் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

அவர்கள் தொலைபேசி இணைப்பகப் பெண்கள். பெல்லின் தொலைபேசி 1876. இணைப்பகங்களில் முதலில் பையன்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களிடம் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள் என்று புகார் எழுந்ததும், 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அதற்குப் பிறகு அது பெண்களின் வேலை ஆகிவிட்டது: இதமான குரல், பலகையின் மேல்வரிசை எட்டுகிற கை, குறைந்த கூலி. கை இரண்டும் ஒயர்களைச் செருகவும் பிடுங்கவும் வேண்டியிருந்ததால் காதுக்குழாயைப் பிடிக்கக் கை இல்லை. எனவே 1880களில் அதைத் தோளிலும் தலையிலும் கட்டினார்கள். ஆரம்பத்தில் இந்தச் சேணம் (வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை, குதிரைக்குப் போடுவதைப் போலத்தான் படங்களில் தெரிகிறது) பல ராத்தல் எடை இருந்தது. ஆக, ஹெட்போனின் முதல் தன்னிலை இசை ரசிகன் அல்ல. கூலிக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உடல். அவளுடைய கைகளை விடுவிப்பதற்காகவே அது கண்டுபிடிக்கப்பட்டது. விடுவித்தது எதற்கு? இன்னும் கொஞ்சம் வேலை வாங்க. அவள் கழுத்து வலித்ததா என்று யாரும் கேட்டதாகக் கருவியின் வரலாற்றில் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், அதே பத்தாண்டில், வேறொரு காது உருவாகிறது. 1881 பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர், ஓபரா மேடையின் முன் வரிசையாக ஒலிவாங்கிகளை வைத்துக் கண்காட்சி அறைக்கு ஒயர் இழுத்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு குழாய்களைப் பிடித்துக் கேட்டவர்களுக்குப் பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடப்பது தெரிந்தது. ஸ்டீரியோ என்ற பேச்சே எழாத காலம். 1890இல் தியேட்ரோஃபோன் என்ற பெயரில் இது வியாபாரமானது. ஓட்டல்களில் காசு போட்டால் ஐந்து நிமிஷம் கேட்கலாம். 1911இல் ப்ரூஸ்ட் சந்தா கட்டி, படுக்கையில் கிடந்தபடி வாக்னரையும் தெபுஸ்ஸியையும் கேட்டார். வீட்டில் தனியாக, உடம்பை அசைக்காமல் இசை கேட்பவன் என்கிற ஆள் இங்கே பிறக்கிறான். இவன் குழாயைக் கையில் பிடித்திருந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வலித்தால் இறக்கிவிடலாம். வலித்தால் இறக்க முடிவதும் முடியாததும்தான் கேட்பவர்களுக்கிடையிலான வர்க்க வேறுபாடு என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

*

இனி நான் முக்கியமாகக் கருதும் இடம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதேனியல் பால்ட்வின் என்று ஒருவர். மார்மன் சமயத்தவர்; பிற்காலத்தில் பலதார மணக் குழுக்களோடு சேர்ந்து, கையிலிருந்ததையெல்லாம் அதில் கரைத்து, 1924இல் தொழிலில் திவாலானார். 1910இல் இவர் தன் கையால் செய்த காதுக்குழாய் ஜோடி ஒன்றைக் கடற்படைக்கு அனுப்புகிறார். சோதித்துப் பார்த்த அதிகாரிகள் அசந்துபோகிறார்கள். அதுவரை கேட்காத மெல்லிய சமிக்ஞைகள்கூடக் கேட்கின்றன. இன்னும் நிறைய வேண்டும் என்கிறார்கள். தன் வீட்டுச் சமையலறையில் ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும் என்று பதில் போகிறது. கடற்படைக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று: தலையில் அது சரியாக உட்காரவில்லை. பால்ட்வின் தோல் சுற்றிய இரண்டு கம்பிகளை ஏற்றி இறக்கும்படி வைத்து ஒரு தலைப்பட்டை செய்து கொடுத்தார். இன்று உங்கள் தலையில் இருப்பதும் சாராம்சத்தில் அதேதான். இதற்கு நீங்கள் காப்புரிமை வாங்கலாமே என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். காரணம், அது ஒரு அற்ப விஷயமாம்.

இந்த ‘அற்ப விஷயம்’ என்ற சொல்லாடலைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். ஒலி உண்டாகும் காந்தமும் தகடும் அறிவு. அது தலையில் தங்கும் விதம் அற்பம். கருத்தும் உடலும், ஆணும் பெண்ணும், எழுத்தும் பேச்சும் என்று நாம் அடுக்கிக்கொண்டே போகிற எதிர்வுகளின் வரிசையில் இதுவும் உட்காருகிறது. அதற்குப் பிறகு வந்த வரலாற்றையும் இந்தப் பிரிவினைதான் ஆள்கிறது. 1937இல் பெர்லினில் ஆய்கன் பேயர் கொண்டுவந்த டி.டி. 48, டைனமிக் வகையில் முதல் ஹெட்போன் என்று கொண்டாடப்படுகிறது. 2012 வரை தயாரிப்பில் இருந்தது. பெரிய சாதனைதான். ஆனால் அது அளவைக்கூடங்களின் கருவி, இதம் அதன் நோக்கமே அல்ல. 1958இல் மில்வாக்கியில் ஜான் காஸ், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், கைப்பெட்டி கிராமபோன் ஒன்றைக் காட்சிக்கு வைக்கிறார். கூடவே ஒரு துணைப்பொருளாக ஸ்டீரியோ ஹெட்போன். ஜனங்கள் கிராமபோனை விட்டுவிட்டு ஹெட்போனைச் சுற்றி மொய்த்தார்கள். வீட்டில் இசை கேட்பதற்கான ஹெட்போன் சந்தை என்பது அங்கேதான் ஆரம்பம். மூடிய கிண்ணம், தடித்த மெத்தை, நல்ல கனம்: அரை மணி நேரத்தில் காது வெந்துவிடும்.

இதை உடைத்தது ஒரு மஞ்சள் ஸ்பாஞ்ச். 1968இல் வந்த சென்ஹைசர் ஹெச்.டி. 414, கிண்ணத்தின் முதுகைத் திறந்துவிட்டது. அதுவரை ஹெட்போன் என்றால் காற்று புகாமல் காதை அடைக்க வேண்டும், இல்லையென்றால் தாழ்சுருதி ஓடிப்போய்விடும் என்பது நம்பிக்கை. திறந்தும் வைக்கலாம் என்று இது காட்டியது. காது மேல் லேசாகப் படுத்த ஸ்பாஞ்ச், உள்ளே போகவும் வெளியே வரவும் காற்றுக்கு வழி, கழற்றிக் கழுவலாம். ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதன் ஒலித் தரம் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. என்னைக் கேட்டால் அந்த வெற்றியில் பாதி அதன் எடைக்குச் சேரும். முதன்முதலாக ஒருவர் அதை மாட்டியிருப்பதை மறந்துவிட முடிந்தது.

இந்த மறதியை முழுச் சந்தைப்பொருளாக்கியது 1979 ஜூலையில் வந்த வாக்மேன். அதோடு வந்த ஹெட்போன் ஐம்பது கிராம் வாக்கில்தான் எடை. அன்றைய சாதாரண ஹெட்போன்கள் முந்நூறு, நானூறு கிராம். அந்தக் கருவியில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள், நடுவில் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் வைத்திருந்தார்கள். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயாரித்தவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கிறது. சங்கடம் சீக்கிரம் போய்விட்டது. அடுத்து வந்தவற்றில் பொத்தானும் போயிற்று. ஷூஹெய் ஹோசோகாவா 1984இல் ‘வாக்மேன் விளைவு’ கட்டுரையில் நகரத்தைத் தன் பாட்டுக்கேற்ற மேடையாக்கி நடப்பவனைப் பற்றி எழுதினார். நல்ல கட்டுரை. ஆனால் அவருடைய நடைப்பயணி இளைஞன், காதுகள் காலியாக உள்ளவன். கண்ணாடி போட்டவர், ஜிமிக்கி போட்டவர், அறுபதைத் தாண்டியவர் எவரும் அந்த நகரத்தில் நடப்பதாகத் தெரியவில்லை.

*

நம் ஊர்க் கதை வேறு. மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பத் தொடங்கி 1927இல் கையில் காசில்லாமல் நின்றது. அந்தக் கருவியை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பியபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது. வீட்டில் பெட்டி இல்லாதவன் மணலில் உட்கார்ந்து கேட்டான். அகில இந்திய வானொலியின் மதராஸ் நிலையம் 1938இல்தான் வருகிறது. பிறகு டீக்கடை ரேடியோ, கல்யாண வீட்டுக் குழாய், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம். அதாவது மேற்கில் தனிக்காதிலிருந்து அறைக்கும் தெருவுக்கும் ஒலி பரவியது என்றால், இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தெருவிலிருந்துதான் ஒலி வந்தது. இதை ஒரு பொதுமையின் பொற்காலமாகக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. குழாய் யார் வீட்டு வாசலில் கட்டப்பட்டது, எந்தத் தெருவுக்குள் அது வரவேயில்லை, யார் போட்ட பாட்டை யாரெல்லாம் கேட்டே ஆக வேண்டியிருந்தது என்பதையெல்லாம் ஊரில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தனக்குப் பிடித்ததைத் தான் மட்டும் கேட்பது என்பது இங்கே ஆடம்பரம் மட்டுமல்ல, சில பேருக்கு ஒரு விடுதலையாகவும் இருந்தது. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளிலும் பர்மா பஜாரிலும் வாக்மேன் கிடைத்தபோது எங்கள் தெருவில் அதை முதலில் மாட்டியவனைத் திமிர் பிடித்தவன் என்றுதான் சொன்னார்கள். கூப்பிட்டால் காதில் விழாதவன்.

நான் ஹெட்போன் மாட்டுவது நகரத்தை மேடையாக்க அல்ல. ஒன்றரை அறை வீடு. இரவு பத்துக்கு மேல் மற்றவர்கள் தூங்க வேண்டும், எனக்கு டி.என். ராஜரத்தினம் பிள்ளை வேண்டும். (நாலு தேர் வீதிக்கும் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட வாத்தியத்தை இரண்டு கிண்ணத்துக்குள் அடைப்பதில் உள்ள அபத்தம் எனக்குத் தெரியாமலில்லை. அந்தப் பழைய தட்டுகள் ஒற்றைத் தடம் வேறு. ஹெட்போனில் ஒற்றைத் தட ஒலி இடமும் வராது, வலமும் வராது; மண்டைக்கு உள்ளே, நடு உச்சியில் நின்று ஊதும். தெருவின் வாத்தியம் தலைக்குள் குடியேறியதை எந்தக் கோட்பாட்டில் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.) ஒரு ஆலாபனை கேட்க ஒரு மணி நேரம் வேண்டும். எனவே எனக்குத் தேவை ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் காதில் இருக்கிற ஒன்று.

பழைய ஹெட்போனின் மெத்தை மூன்றே வருஷத்தில் உரிந்தது. ஒலியில் பழுது ஒன்றுமில்லை. ரெக்சின் என்று நாம் சொல்கிற அந்த மேல்தோல், துணிமேல் பூசிய பாலியூரித்தேன். ஈரம் அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். உப்புக்காற்றும் வியர்வையும் உள்ள ஊரில் அது வேகமாகவே நடக்கும். உபயோகிக்காமல் பெட்டியில் வைத்தாலும் உதிரும். ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டினேன். பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுக்கு பேடு தனியா வராதுண்ணே. புதுசா ஒண்ணு எடுத்துருங்க, அதுதான் லாபம்” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. காந்தம், சுருள், ஒயர் அத்தனையும் நன்றாக இருக்க, தோல் போனதால் பொருளே போனது. பால்ட்வின் அற்பம் என்று ஒதுக்கியது நூறு வருஷம் கழித்து மொத்தக் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

“இதப் போட்டுப் பாருங்க, செம பேஸ்” என்று அடுத்தடுத்து எடுத்துக் கொடுத்தான். கடையில் ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தால் எல்லாமே இதமாகத்தான் இருக்கும். சொல்லப்போனால் இறுக்கமாகப் பிடிப்பது அந்த ஒரு நிமிஷத்தில் ‘கெட்டியா நல்லா உக்காருது’ என்றுகூடத் தோன்றும். வலி இருபதாவது நிமிஷத்தில் வரும், அதுவும் முதலில் கண்ணாடிக் கொம்பு இருக்கும் இடத்தில். நான் கடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாற்பது நிமிஷம் போட்டுக்கொண்டிருந்தேன். பையன் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தான்.

கண்ணாடி போட்டவர்களின் விஷயம் வெறும் வலியோடு முடிவதில்லை. மூடிய கிண்ணத்தில் தாழ்சுருதி நிற்பது மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சந்து இல்லாதவரைதான். கண்ணாடிக் கொம்பு ஒரு சந்தை உண்டாக்குகிறது. உடனே தவிலின் தொப்பி மெலிந்துவிடுகிறது. அதை அடைக்க இறுக்கத்தைக் கூட்டினால் பொட்டு வலிக்கிறது. ஆக, பெட்டியில் அச்சடித்த ஒலி எந்தத் தலைக்கானது? பதில் இருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் நோல்ஸ் நிறுவனம், காதுக்கருவிகளைச் சோதிக்க கீமார் என்ற பொம்மையைச் செய்தது. தலையும் மார்பும் மட்டும் உள்ள உருவம். அளவுகள் வளர்ந்த அமெரிக்க ஆண் பெண்களின் சராசரியிலிருந்து எடுத்தவை. காதுக்குள் ஒலிவாங்கி. கீமாருக்கு மொட்டைத்தலை. கண்ணாடி கிடையாது, தோடு கிடையாது, கொண்டை கிடையாது, வியர்க்காது. சோதனைக்கு ஒரு பொதுத் தலை வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் சராசரி என்பது அளவையாக இருக்கும்வரை சரி. அதுவே விதியாகும்போது, பொருந்தாத தலைகள்தான் பிழையானவை என்றாகிவிடுகிறது. என் துணைவி ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இதுக்காக நான் தெனம் தோட்டக் கழட்டணுமா? நீங்களே வச்சுக்குங்க.” கடைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில், “கழட்டிட்டுப் போட்டுப் பாருங்கம்மா.” எந்த உடல் கருவிக்காகத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எம்மா நட் காலத்திலேயே முடிவான விஷயம் போலிருக்கிறது.

விமானத்தின் இரைச்சலை எதிரொலியால் கொல்வது பற்றி அமர் போஸ் 1978இல் ஒரு பயணத்தில் கணக்குப் போட்டதும், 1989இல் அது விமானிகளுக்கான ஹெட்போனாக விற்பனைக்கு வந்ததும் தனிக் கதை. வங்காளத்திலிருந்து தப்பிப்போன ஒரு புரட்சிக்காரரின் மகன் அவர் என்பதும் சுவையானது. வீட்டில் ராத்திரி கேட்பவனுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

கடைசியில் நான் பார்த்தவை மிகச் சில. எடை இருநூற்றைம்பது கிராம் சுமாருக்கு மேல் போகக் கூடாது. ஐந்நூறைத் தாண்டுகிற கனவான்களும் சந்தையில் இருக்கிறார்கள், ஒலி அபாரம், என் கழுத்து அதற்குத் தயாரில்லை. மெத்தை காதின்மேல் உட்காராமல் காதைச் சுற்றி உட்கார வேண்டும். உள்வாய் மடல் முழுதும் அடங்குகிற அளவு, தகட்டில் காது இடிக்காத ஆழம். மேல்துணி வெல்வெட் மாதிரியோ நெசவாகவோ இருந்தால் ஈரம் நிற்காது, உரியாது, ஆனால் தூசியும் எண்ணெயும் பிடிக்கும், கழுவ வேண்டும். முதுகு திறந்ததாக இருந்தால் வேர்க்காது, கண்ணாடிச் சந்தால் வரும் இழப்பும் அவ்வளவு உறைக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கொஞ்சம் கசியும். அதைச் சத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், எப்படியும் உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு நாற்பது மணி நேரம், 80 டெசிபல் என்றுதான் வரம்பு சொல்கிறது. இந்தத் திறந்த வகைகளில் பல 250, 300 ஓம் மின்தடை உள்ளவை. செல்போனில் நேராகச் செருகினால் முனகும், சின்ன ஆம்ப் ஒன்று வேண்டியிருக்கும். இறுக்கம் பற்றி ஒரு கைவைத்தியம் உண்டு: புது ஹெட்போனை அதன் பெட்டிமேலோ தலையைவிடக் கொஞ்சம் அகலமான புத்தக அடுக்கின்மேலோ இரண்டு ராத்திரி மாட்டி வைப்பது. தலைப்பட்டை உலோகமாக இருந்தால் இளகும். பிளாஸ்டிக் என்றால் கீறல் விடும், செய்யாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக நான் கேட்டது: மெத்தை தனியாகக் கிடைக்கிறதா, ஒயரைக் கழற்ற முடிகிறதா? பேயர், சென்ஹைசர், ஏ.கே.ஜி. ஆகியவற்றின் பழைய வகைகளில் இது சகஜம். ஏ.கே.ஜி.யின் வியன்னா இடம் 2017இல் மூடப்பட்டாலும், 1975இல் தொடங்கிய கே. 240 வரிசைக்கு வெளியார் செய்கிற மெத்தைகள் கிடைக்கின்றன. வெளியார் மெத்தையில் ஒரு சிக்கல் உண்டு. தடிமன் இரண்டு மில்லிமீட்டர் மாறினாலும் தகட்டுக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி, ஒலியே மாறிவிடும். வசதி வேறு, ஒலி வேறு என்ற அந்தப் பழைய பிரிவினை இங்கே தானாகவே குலைகிறது. மெத்தையும் வாத்தியத்தின் ஒரு பாகம்தான். கம்பியில்லாதவற்றில் மெத்தையோடு பேட்டரியும் சேர்ந்துகொள்கிறது. 2016 முதல் வந்த சின்னக் காதுமணிகளில் பேட்டரி செத்தால் பெரும்பாலும் பொருளும் செத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட பேட்டரிச் சட்டம், இத்தகைய பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2027 பிப்ரவரி 18 என்று நாள் குறித்திருக்கிறது. அந்தச் சட்டம் மெத்தை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.